லீமா நடந்த மெட்ராஸ்

18 ஏப்ரல் 1983, திங்கள்

எல்.டி.சி. பயணச் சலுகை சாங்ஷன் ஆகிவிட்டது. சர்க்கார் டிக்கெட்டில் குடும்பத்தோடு மெட்ராஸ்! எங்கள் கோடைக்கானல் போஸ்ட் ஆபீஸ் போஸ்ட்மேன்களில் இதற்கு எழுதிப் போட்ட முதல் ஆள் பரமானந்தமாகிய நான்தான். போஸ்ட் மாஸ்டர் முறைத்தார். "சீசன்ல லீவு கேக்குறியே, மெட்ராஸே மே மாசம் இங்க வருது. நீ அங்க போறேங்குற?"

"அவங்க எல்லாம் இங்க வந்துட்டா அங்க கூட்டம் இருக்காதுல்ல சார்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நாயுடுபுரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இன்று நான் தபால் கொடுக்கும் பீட்டில் கடுதாசி வந்த வீட்டுக்குக் கடுதாசியோடு செய்தி, கடுதாசி வராத வீட்டுக்குச் செய்தி மட்டும்.

24 ஏப்ரல், ஞாயிறு

பூசை முடிந்ததும் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரைப் பார்த்தோம். மகள் லீமாவுக்கு ஏழு வயது ஓடுகிறது, இன்னும் ஒன்றாம் வகுப்பு வாசலை மிதிக்கவில்லை. போன வருடம் சொன்னதையே சிஸ்டர் இந்த வருடமும் சொன்னார்: "கிளாசுக்கும் பாத்ரூமுக்கும் அவளா போய் வரணும் பரமானந்தம். ஜூன்ல அதை மட்டும் காட்டுங்க, சேர்த்துக்கிறேன்."

"நான் நாலு தடவை வந்து தூக்கிட்டுப் போறேன் சிஸ்டர்."

"அப்ப தபாலை யாரு குடுப்பா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. அன்றிலிருந்து அவளுக்குக் கால் என் தோள்தான். இந்த மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பூசைக்கு, சந்தைக்கு, ஏரிக்கு, எங்கே போனாலும் என் தோளில்தான். ஒரு நாளும் முடியவில்லை என்று இறக்கியதில்லை. ஊரே பார்த்திருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.



6 மே, வெள்ளி

பெட்டி கட்டினோம். என் மனைவி அமலி எனக்குத் தெரியாமல் லீமாவின் காலிப்பரை அடியில் வைத்திருக்கிறாள். சூம்பிய காலில் மாட்டி நடக்க, போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்தது. இரண்டு இரும்புக் கம்பி, தோல் பட்டை, அடியில் ஒரு பூட்ஸ். நம் வீட்டுப் படிகளுக்கு அது சரிப்படாது என்று அன்றே மூலையில் போட்டாயிற்று.

"ஊர் சுத்திப் பாக்கப் போறோமா, ஆஸ்பத்திரிக்குப் போறோமா?" என்று சத்தம் போட்டேன்.

"கெடக்கட்டுமே. பெட்டிதான சுமக்குது" என்றாள்.

நான் என் பங்குக்கு நாலு ஸ்வெட்டரை எடுத்து வைத்தேன். வெளியூரில் பிள்ளைகளுக்குக் குளிர் பிடித்தால் யார் பார்ப்பது?

9 மே, திங்கள். பெரம்பூர்

ஸ்வெட்டர் எடுத்து வைத்தவனை என்ன சொல்ல. இது ஊரா, சட்டியா?

காலையில் எழும்பூரில் இறங்கி, அமலியின் அண்ணன் உபகாரம் வீட்டுக்கு வந்தோம். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, மரியாதையான மனுஷன். அவர் மனைவி சூசையம்மாள் என் ஸ்வெட்டர்களைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். மத்தியானம் குழாயைத் திறந்த கஸ்பார் கத்தினான்: "அப்பா! மாமா வீட்டுல பைப்புலயே வெந்நி வருது!" கோடைக்கானலில் குழாயில் வெந்நீர் வருவது பெரிய ஓட்டலில் மட்டும்தான். மாமா பெரிய பணக்காரர் என்று என் நாலு வயது மகன் முடிவு கட்டிவிட்டான்.

சாயங்காலம் லீமாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். தெருவையே கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்பா, இந்த ரோடு ஏறவே மாட்டேங்குது."

"ஆமா ஆத்தா."

"எறங்கவும் மாட்டேங்குது."

10 மே, செவ்வாய்

எதை முதலில் எழுதுவது?

முதலில் எங்கே போகலாம் என்று மச்சான் கேட்டார். பீச், மியூசியம் என்று அடுக்கினார். ஜி.பி.ஓ. என்றேன். அமலி தலையில் அடித்துக்கொண்டாள். "மெட்ராஸ் வந்தும் தபாலாபீஸா?" அவளுக்கு என்ன தெரியும். பதினாலு வருடமாக மெட்ராஸ் ஜி.பி.ஓ. முத்திரை குத்திய கவரைக் கையால் தொடுகிறேன், அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

கிளம்பும்போது அமலி காலிப்பரை எடுத்து லீமாவுக்கு மாட்டினாள். மச்சான் எதிரே எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன். கூடுதல் கனத்தோடு தூக்கிக்கொண்டேன். பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால், அப்பா, என்ன ஹால்! எங்கள் போஸ்ட் ஆபீசைத் தூக்கி வைத்தால் ஒரு மூலைக்குக் காணாது. கவுண்டருக்கு மேல் கவுண்டர். காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தார். "நானும் டிபார்ட்மென்ட்தான் சார், கோடைக்கானல்" என்று பேச்சுக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கஸ்பார் அமலியின் கையை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினான். வெளியே லாரியும் பஸ்ஸும். லீமாவை ஒரு தூண் ஓரமாக நிறுத்திவிட்டுப் பாய்ந்தேன்.

பயலைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், தூணருகே யாரும் இல்லை.

ஸ்டாம்பு கவுண்டருக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தாள். பூட்ஸ் தரையில் டக்கென்று விழும், பிறகு ஓர் இழுப்பு. எதையும் பிடிக்கவில்லை. ஓடிப்போய்த் தூக்கப் போனேன். அமலி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "விடுங்க. பாருங்க."

பார்த்தேன். அந்த ஹாலின் கடைசி வரை போனாள். கடைசிக் கவுண்டர் மரத்தைத் தொட்டாள். திரும்பினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. திரும்பி வந்ததை மட்டும் எண்ணினேன். அறுபத்திரண்டு எட்டு.

"உங்க பொண்ணா சார்?" என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

"ஆமா" என்றேன்.

அதே நாள், சாயங்காலம்

அமலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு வருடமாக, நான் பீட்டுக்குப் போனதும் காலிப்பரை மாட்டி வீட்டுக்குள் நடக்க விட்டிருக்கிறாள். அடுப்படியிலிருந்து கதவு வரை பத்தடி. கதவைத் தாண்டினால் படி, அதனால் அதோடு திரும்பிவிடுவாளாம்.

ஒரு வருசமா! எனக்குத் தெரியாம! நான் என்ன மூணாம் மனுசனா?

கேட்டேன். "நீங்க வீட்டுக்குள்ள வந்ததும் அவளைத் தூக்கிருவீங்க. பெறகு எப்படிப் பாப்பீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சும்மாதான் சொன்னாள்.

11 மே, புதன்

மியூசியம். திமிங்கில எலும்புக்கூட்டைத் தலையிலிருந்து வால் வரை லீமா நடந்து பார்த்தாள். நான் வால் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.

12 மே, வியாழன்

மவுண்ட் ரோடு. எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து மாடி எண்ணிக்கொண்டே வந்தவள் நடைபாதைக் கல் தடுக்கிக் குப்புற விழுந்தாள். முட்டியில் ரத்தம். என் கை சும்மா இருக்குமா? வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான், இரண்டு கையாலும் முதுகில் குத்துகிறாள்.

"எறக்கி விடுங்கப்பா! எல்லாரும் பாக்குறாங்க!"

"விழுந்தா யாருந்தான் பாப்பாங்க ஆத்தா. அதுக்கென்ன?"

"விழுந்ததுக்கு இல்ல. தூக்குனதுக்கு."

இறக்கிவிட்டேன். அவளே பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். வெயிலில் காலிப்பர் கம்பி சுட்டிருக்கிறது. அமலி தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். கம்பி சுட்டதை மகள் என்னிடம் சொல்லவில்லை.

இத்தனை வருடமாக என் தோளில் அவளை ஊர் பார்த்ததே — ஊர் பார்த்தது என்னை என்றுதானே நினைத்தேன்? அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சின்னப் பிள்ளை, என்ன தெரியும் என்று — எனக்கல்லவா ஒன்றும் தெரியாமல் போயிற்று. வெக்கமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

13 மே, வெள்ளி

கேட்காமல் தூக்குவதில்லை. முடிவு செய்தாயிற்று.

14 மே, சனி

மெரினா. கஸ்பார் கடலைப் பார்த்து, "யாருப்பா இவ்வளவு பெரிய ஏரி வெட்டுனது?" என்றான். மச்சான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சுண்டல் கொட்டிவிட்டது.

ரோட்டிலிருந்து தண்ணீர் வெகு தூரம். மணலில் நாலு எட்டு வைத்ததும் பூட்ஸ் புதைந்துகொண்டது. லீமா இழுத்தாள். மறுபடி புதைந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இன்னும் இரண்டு எட்டு முயன்றாள். பிறகு நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"அப்பா, இங்க தூக்கலாம்."

தூக்கிக்கொண்டு ஓடினேன். அலையில் நனைந்தோம், கத்தினோம், உப்புத் தண்ணீர் குடித்தோம். ஐந்து வருடமாக நானாகத் தூக்கினேன். அவள் கூப்பிட்டுத் தூக்கியது இன்றுதான். இன்று என் தோளைவிட உசந்த தோள் மெட்ராஸில் யாருக்கும் இல்லை!

18 மே, புதன். நாயுடுபுரம்

வீடு வந்து சேர்ந்தோம். மேலே பள்ளிக்கூடத்துக்குப் போகும் படிகளில் லீமா ஏறிப் பார்த்தாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படி, கல்லும் வேருமாகக் கிடக்கும். ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். "மெட்ராசுக்கே போயிருவோம்பா" என்று ஒரே அழுகை. தூக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

21 மே, சனி

என்னைப் போல் மடையன் உண்டா! இந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரியும் என்று மார்தட்டுகிற போஸ்ட்மேன் நான்!

இன்று பையோடு படியில் ஏறி நடுவில் மூச்சு வாங்க நின்றபோது, கீழே மோட்டார் ரோட்டில் ஒரு ஜீப் வளைந்து வளைந்து போனது. பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ரோடும் பள்ளிக்கூட வாசலுக்குத்தானே போகிறது? நாங்கள் யாரும் அதில் நடப்பதில்லை. வண்டிக்கு ரோடு, மனுஷனுக்குக் குறுக்குப் பாதை, இங்கே பிறந்தவர்களுக்கு அதுதான் பழக்கம். ஐந்து நிமிடத்தில் படியேறிப் போகிறவன் எதற்கு அரைமணி நேரம் சுற்றப் போகிறான்?

வேலை முடிந்ததும் அந்த ரோட்டில் லீமா போல எட்டு வைத்து நடந்து பார்த்தேன். ரோடு முழுக்க லேசான ஏற்றம்தான். மூன்று இடத்தில் உட்காரக் கட்டைச் சுவர் இருக்கிறது. எதிரே வந்தவர்கள் பரமானந்தத்துக்குக் காலில் அடியா என்று கேட்டார்கள். கேட்டால் கேட்கட்டும்.

22 மே, ஞாயிறு

வீட்டுப் படியை லீமா உட்கார்ந்தே இறங்கினாள். பிறகு ரோட்டில் முதல் கட்டைச் சுவர் வரை. நான் பத்தடி பின்னால்.

29 மே, ஞாயிறு

மழை. வழுக்கி இரண்டு தடவை விழுந்தாள். தானே எழுந்தாள். "நீங்க ரொம்பப் பக்கத்துல வர்றீங்க" என்று என்னை அதட்டினாள். மூன்றாவது சுவர்!

6 ஜூன், திங்கள்

பனி மூட்டம். ஏழரைக்குக் கிளம்பினோம். வாசலுக்குள் அவள் போனாள், நான் வெளியே நின்றேன். சிஸ்டர் வராந்தாவில் நின்று பார்த்தார். லீமா வகுப்புக்குள் போனாள். வெளியே வந்தாள். தாழ்வாரம் முழுக்க நடந்து பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சிஸ்டர் என்னிடம் வந்தார்.

"தூக்கிட்டு வந்தீங்களா?"

"இல்ல சிஸ்டர். பின்னால வந்தேன்."

உள்ளே போய்ப் பெயர் எழுதினார். ப. லீமா, ஒன்றாம் வகுப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

10 ஜூன், வெள்ளி

இந்த வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்குத் தாமதம். போஸ்ட் மாஸ்டர் காரணத்தை எழுத்தில் கேட்டார். "என் மகள் லீமா பள்ளிக்கு நடந்து போகிறாள். நான் பின்னால் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். "திங்கக்கிழமையும் இதே காரணந்தானா?"

"இல்ல சார்" என்றேன். எதிர்வீட்டு சண்முகவள்ளி, மூன்றாம் வகுப்பு, இரண்டு நாளாகப் படியை விட்டுவிட்டு ரோட்டு வழியே லீமாவோடு வருகிறாள். இன்று காலையில் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றன. "இனிமே நாங்களே போய்க்கிருவோம்பா. நீங்க வெரசா ஆபீசுக்குப் போங்க, உங்களுக்கு சோலி இருக்குல்ல" என்றாள் என் மகள்.

13 ஜூன், திங்கள்

ஆபீசுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். வெள்ளனே வந்ததற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை. நானாகவே ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.