எல்லாம் பழையதுதான்

என்னங்க,

புதுத் துணி வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின், எதைப் போட்டாலும் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. இன்று காலை அலமாரியை அப்படியே கட்டிலில் கொட்டினேன். தொளதொளத்த சுடிதார்மேல் உங்கள் நீலச் சட்டையைப் போட்டு, கைகளை மடித்துவிட்டு, இடுப்பில் உங்கள் பெல்ட்டைக் கட்டினேன். அதில் புதிதாக ஒரு துளை போடவேண்டியிருந்தது. முடி இன்னும் முளைக்காத தலையில் பச்சைத் துப்பட்டாவைச் சுற்றினேன். முதலில் பல்வலிக்காரி மாதிரி இருந்தது. முடிச்சைக் காதோரம் தள்ளியதும் எனக்கே பிடித்துப்போயிற்று.

அந்தக் கோலத்திலேயே பஸ் நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். பக்கத்துக் கவுண்டர் அக்கா டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏய், எல்லாம் புதுசா?"

"எல்லாம் பழசுதான்க்கா. ஆள்தான் புதுசு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் துப்பட்டாவை நீட்டினார்.

"எனக்கும் அதே மாதிரி கட்டிவிடுடி. நீ மட்டும் மினுக்கினா எப்படி?"

நாள் முழுக்க இரண்டு கவுண்டரிலும் இரண்டு தலைப்பாகைகள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

அடுத்த பரிசோதனையைப் பற்றி டாக்டர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது கட்டிலில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாளைக்கு எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளையைப் பற்றி நான் யோசித்தே ரொம்ப நாளாயிற்று.

உங்கள்
வீட்டுக்காரி