புகையிலைக் காசும் அப்பாவின் வசனமும்

நவம்பர் 3, திங்கள்
மழையோடு பனி. ஹவுகன்ஸ்டுவா ஸ்டேஷனில் ரயில் பிந்தியது. இடக்கைக் கையுறையைக் காணோம்.

சமூகப் பாடம். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில், புகையிலைக் கொம்பனிகள் கட்டிய நட்டஈட்டை நோயாளிகளின் வைத்தியத்துக்கே செலவழிப்பதா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்களாம். வியாழன் எங்கள் வகுப்பிலும் அதே வாக்கெடுப்பு. சீட்டுக் குலுக்கினார்கள். நான் 'வேண்டாம்' பக்கம் பேச வேண்டும்.

புதன் அப்பாவுக்கு நுரையீரல் டொக்டர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டாமாம்.
"அந்தாள் கோயிலிலை கதைச்சுப்போடும். நீ எழுதித் தா பிள்ளை, நான் பாடமாக்கிறன்."
டொக்டருக்குச் சொல்ல வேண்டிய நோர்வேஜிய வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். யாய் ஹார் ஸ்லுத்தெத். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். பக்கத்தில் இருந்து பார்த்தார். சட்டையெல்லாம் சிகரெட் மணம்.

நவம்பர் 5, புதன்
அப்பா வந்ததும் சொன்னார், "ஒரு பிழையும் விடேல்லை. டொக்டர் கை குடுத்தவர்."
இம்மாதமே ஒப்பரேஷன். புகைப்பவருக்குக் காயம் ஆறாது, மூச்சு திரும்புவதும் கஷ்டம் என்று டொக்டர் தந்த தாளில் இருந்தது. வாசித்துச் சொன்னேன்.
"ஓம் ஓம். அம்மாட்டைச் சொல்லாதை."
பிறகு பல்கனிக் கதவு திறந்தது, சிகரெட் மணம்.
படுத்தும் நித்திரை இல்லை. செத்துப்போவாரா?

நவம்பர் 6, வியாழன்
வெயில், குளிர். கணிதச் சோதனை மோசம்.

வாக்கெடுப்புக்கு முன் பேச என் முறை. எழும்பிச் சொன்னேன்: "ஒரு ஆள் டொக்டரிடம் விட்டுவிட்டேன் என்கிறார். வீட்டுக்கு வந்து பல்கனியில் புகைக்கிறார். அவருக்கு எதற்குக் காசு?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
பக்கத்தில் இருக்கும் பெட்டை மாரன், "அவையளே தேடிக்கொண்டது" என்ற மாதிரி ஏதோ சொன்னாள். 'வேண்டாம்' வென்றது. ரீச்சர் வீட்டுக்குப் பாராட்டு அனுப்பினார். இதற்குத்தான் பாராட்டு.

அப்பா ஃபோனில் மொழிபெயர்த்து வாசித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.
"என்ரை பிள்ளை வெண்டிட்டாள். என்ன சொன்னனீ?"
"சிகரெட் கூடாதெண்டு."
"சரிதானே."
லக்ரிஸ் மிட்டாய் பை ஒன்று தந்தார். அதோடு ஒரு வெற்றுத்தாள்.
"கடைசியா எப்ப சிகரெட் பத்தினது எண்டு ஆஸ்பத்திரியிலை கேப்பினமாம். ரெண்டு மாசம் எண்டு எழுதிவை. விடியப் பாடமாக்கிறன்."

இருமல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. மிட்டாயைத் தொடவில்லை.

எழுதிவிட்டேன், ரெண்டு மாசம் என்று அல்ல. ஈ டாக், போ பல்கொங்கன். இன்று, பல்கனியில். அவருக்குத் தெரிந்த சொற்கள்தான்.

தாளைத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்திருக்கிறேன். விடிய வாசிப்பார்.