வெண்ணெய் பட்ட வேஷ்டி

ஸ்ரீ:
லால்குடி,
யுவ வருஷம், பங்குனி மாதம்

ஆத்துக்காரருக்கு அடியாள் வைஜயந்தி தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா க்ஷேமம். என் க்ஷேமத்தைக் கேட்டிருந்தீர்கள். படுத்திருக்கிறேன். அதுதானே எனக்கு இப்போது உத்தியோகம்!

சித்திரை முடிகிற வரை குனியாதே, தூக்காதே என்கிறார் டாக்டர். தேங்காய்த் துருவியைக்கூட அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். முற்றமெல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கிறது. பெருக்கலாம் என்று எழுந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி வருகிறார்கள். போன பங்குனியில் உற்சவத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தளிகை பண்ணி இடுப்பு ஒடிந்து, பெருமாளே, ஒரு வருஷமாவது என்னைப் படுக்க விடேன் என்று அலுத்துக்கொண்டேனே, ஞாபகமிருக்கிறதா? அவர் காதில் விழுந்துவிட்டது. ஆனால் தை மாதம் குழந்தை தங்காமல் போய், அதற்காகப் படுக்க வேண்டும் என்றா கேட்டேன்?

உங்கள் கார்டு வந்தது. முழுக்க உங்கள் மாமா பெண் புராணம்தான். வைதேஹி விடியுமுன் எழுந்து கோலம் போடுகிறாள். வைதேஹியின் சாற்றமுதை விருந்தாளிகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வைதேஹி மாவடு போட்டிருக்கிறாள். கடைசியில், நீ கவலையில்லாமல் ஓய்வெடு என்று ஒரு வரி. நன்றாயிருக்கிறது! மாவடு எந்த ஜாடியில்? என் அப்பா சீரில் கொடுத்த பழுப்பு ஜாடியிலா? அதை எழுதவில்லையே. எனக்கு வயிறு எரிகிறது. மறைத்து என்ன பிரயோசனம், நன்றாகவே எரிகிறது.

உங்கள் மாமா பெண் ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள், தெரியும். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள்தான். ஒரு குறை சொல்ல அவளிடம் இடமில்லை என்பதே என் ஆத்திரம். ஆனால் எனக்கு முன்னால் உங்களுக்கு அவள் ஜாதகத்தைத்தானே பார்த்தார்கள்? சின்னப் பெண் என்று விட்டார்கள். இப்போது அவள் சின்னப் பெண் இல்லை.

எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு, அவசரமில்லை என்று உங்கள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னிடம் இவ்வளவு கரிசனம் அவருக்கு எப்போதிலிருந்து? நம் எதிராத்து மாமி இங்கே வந்து எல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். வம்சம் வேண்டாமா, வைதேஹி வீட்டோடேயே இருந்துவிட்டால் என்ன என்று உங்கள் அம்மா கேட்டாராம். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்களாம். வாயே திறக்கவில்லையாம்.

உறையூர் நாச்சியாரிடம் போய்விட்டு வருகிற பெருமாளுக்கு உத்திர உற்சவத்தன்று தாயார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும்போது, அவர் பக்கம் நின்று எத்தனை சமாதானம் சொல்கிற கோஷ்டி உங்களுடையது! உள்ளேயிருந்து தாயார் பக்கத்தார் எறிகிற வெண்ணெயும் பூவும் மேலே வந்து விழுந்தாலும் நீங்கள் நகருவதில்லை. எனக்காக உங்கள் அம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா?

ஒன்று கேட்கிறேன். வருஷா வருஷம் அன்று வெண்ணெய்ப் பிசுக்கோடு நீங்கள் கொண்டுவந்து போடும் வேஷ்டியைச் சீயக்காய் தேய்த்து அலசுவது நான்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் அலசுவேன், இல்லையென்று சொல்லவில்லை. இந்த வருஷம் அதை வைதேஹியிடம் போடாதீர்கள். தளிகை அவள் பண்ணட்டும், கோலம் போடட்டும், அந்த ஜாடியும் போனால் போகட்டும். வேஷ்டி மட்டும் வேண்டாம். அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலில் நீங்களே வாருங்கள். ஒரு வேஷ்டி அலசினால் ஒன்றும் ஆகிவிட மாட்டேன்.

அதை அவள் கையால் வெளுத்துக்கொண்டு வருவதானால் நீங்கள் இங்கே வரவே வேண்டாம்.

இல்லை, அப்படியானாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆம்படையாள்
வைஜயந்தி