சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சோப்புக் கூப்பன்

ஈப்போ, 20.1.84

அன்புள்ள அப்பாவுக்கு, நவமணி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? நம் ஊர் சுங்காயில் மழை விட்டதா?

நான் காசு வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூப்பன் கொண்டுவர மறப்பவர்களுக்காக, பத்திரிகைகளில் வரும் தள்ளுபடிக் கூப்பன்களை வெட்டி, அரிசி, பால், சோப்பு என்று பிரித்து ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வருகிறேன். முதலாளிக்குப் பயந்து கவுண்டருக்கு அடியில் வைத்திருந்தேன்.

நேற்று பீடோரிலிருந்து வந்த இருளாயி அக்கா, சோப்புக் கூப்பன் இருந்த தமிழ்ப் பத்திரிகையை முழுத் தாளாகவே நீட்டினார். வெட்டிக் கொடுத்தால்தான் செல்லும் என்றேன்.

"பின்னால முருகன் இருக்காருலா. சாமி முகத்துல கத்திரி வைக்க மாட்டேன்."

வரிசை நகரவில்லை. அதே கூப்பன் சீனப் பத்திரிகையிலும் வந்திருந்தது; அதன் பின்னால் கார் டயர் விளம்பரம்தான். டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா முருகனைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, டின்னைத் தூக்கிக் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டார். இனி அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாம்.

அதனால் நீங்கள் படித்த பத்திரிகைகளை அனுப்புங்கள். வெட்ட வேண்டாம், முழுத் தாளாகவே வேண்டும்.

கடை திறக்க மணி அடிக்கிறார்கள். குறுக்கெழுத்தில் மட்டும், பழையபடி எனக்கென்று இரண்டு வரிசையை நிரப்பாமல் விட்டு வையுங்கள்.

நவமணி