சிவசாமிக்கு விற்காத வீடு

வட்டவளை
12.02.2025

அன்பு மகள் கிருஷாந்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரதாப்பும் அந்தக் கத்தார் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நேற்று தைப்பூசத்துக்கு முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே நானும் சித்தியும், இரண்டு பேருடைய முட்டியையும் தவிர, மற்றபடி சுகம். போனில் சொன்னால் விடுங்கம்மா, விடுங்கம்மா என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கிஷாந்த் லீவு முடிந்து சனிக்கிழமை தோகாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுவேன். கினிகத்தேனை வீடு விற்றாகிவிட்டது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். யாருக்கு விற்றேன், யாருக்கு விற்கவில்லை என்று முழுசாகக் கேள். நடுவில் குறுக்கே பேச உன்னால் முடியாது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த வீட்டை விற்க எனக்கு ஆசையா என்ன? அப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் உழைத்த சேமலாப நிதிக் காசில் காணி வாங்கி, ஞாயிறு ஞாயிறாகக் கல் சுமந்து கட்டிய வீடு. ஆனால் ரோட்டிலிருந்து வாசலுக்கு நாற்பத்தொரு படி. போன மழைக்கு ஒரு நாள் அரிசிப் பையோடு இருபதாவது படியில் உட்கார்ந்தவள், எழும்ப முடியாமல் ஒரு மணித்தியாலம் நனைந்தேன். அதற்குப் பிறகுதான் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் மேடு பள்ளம் இல்லாத இந்தச் சின்ன வீட்டைப் பேசினோம். தை முடிவதற்குள் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இதன் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் வீட்டை முதலில் கேட்டவர் உனக்குப் படிப்பித்த றோலண்ட் மாஸ்டர். அவருக்கு பேங்க் லோன் வர வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சிவசாமி வந்தான். இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் நம் நல்லமுத்து அக்காவின் மகன். லயத்து வரிசையில் எங்கள் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளிப் பிறந்தவன், அவளும் நானும் ஒரே நிரையில் இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்திருக்கிறோம். இப்போது அட்டனில் கடை, இரண்டு வேன், போர்டில் சிவா முதலாளி. பேரில் இருந்த சாமியை எங்கே விட்டான் என்று தெரியவில்லை. அவளுடைய மகனாச்சே என்று நம்பி மாஸ்டரைக் காத்திருக்கச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழு தரம் வந்தான் கிருஷாந்தி, ஏழு தரம். பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சுவரையும் தட்டினான். குசினி இருட்டு, கூரை பழசு, படி அதிகம், விலையைக் குறைங்க ஆன்ட்டி. ஆமாம், ஆன்ட்டி! சின்னப் பையனாக வடிவு அத்தை, வடிவு அத்தை என்று என் ரொட்டிக்குக் கை நீட்டினவன். அவன் பெண்சாதி பூரணி நான் சோறு தின்றுகொண்டிருக்கும்போது என் அலமாரியைத் திறந்து போட்டோ எடுத்தாள். இவன் சப்பாத்தோடு சாமியறைக்குள் நின்றான். அட்வான்ஸ் கேட்டால் அடுத்த கிழமை ஆன்ட்டி, அடுத்த கிழமை. தை முடிந்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவனுக்குத் தெரியும், அதற்காகவே இழுத்தான். அதைக்கூடப் பொறுத்தேன். நாலாந்தரம் வந்தபோது முன்னால் நின்ற தோடை மரத்தின் இலை விழுந்து கூரைப் பீலி அடைக்கிறது, மரத்தை வெட்டினால்தான் பேச்சு என்றான். அப்பா நட்ட மரம், நீ பெரியவளான வருஷம் முதல் காய் காய்த்தது. வீடு போகிறது, மரம் மட்டும் இருந்து என்ன என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஆள் வைத்து வெட்டினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தரம் வந்தவன் முன்னறையில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? வெயில் நேரா உள்ள விழுதே ஆன்ட்டி, இதுக்கு ஒரு தொகை குறைக்கணுமே என்றான். பாவி!

ஏழாந்தரம் ஒரு சிங்களப் புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்காது என்ற நினைப்பில் அவனிடம் சிங்களத்தில் சொல்கிறான், வாங்கின கையோடு முழு வீட்டையும் அசிட் போட்டுக் கழுவ வேண்டும், இந்த வத்தே மினிஸ்சு, அதாவது தோட்டத்து ஆட்களுடைய வாடை லேசில் போகாது என்று. கினிகத்தேனைப் பொலைச் சந்தையில் பதினைந்து வருஷம் மரக்கறி விற்றவளுக்குச் சிங்களம் விளங்காதாம். தோட்டத்து லயத்தில் பிறந்த வாய் அதைச் சொல்கிறது, என் வீட்டில், என் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. ஆனாலும் சிரித்த முகத்தோடு, இன்னும் கொஞ்சம் சீனி போடவா தம்பி என்று கேட்டேன். அவன் படி இறங்கின உடனே றோலண்ட் மாஸ்டருக்குப் போன் போட்டேன். லோன் வந்துவிட்டது, ஆனால் நீங்கள் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று அந்த மனுஷன் தயங்கினார். அந்த வாக்கு செத்துப்போச்சு மாஸ்டர், உறுதிப் பத்திரம் எழுத நாள் சொல்லுங்க என்றேன்.

அந்தக் கிழமையே நல்லமுத்து அக்கா வந்தாள், கையில் ஒரு கார்டு. பொன் எழுத்து போட்டு, பிள்ளையார் படம் போட்டு, தை இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை காலை சிவா இல்லத்தில் புதுமனைப் புகுவிழா என்று அடித்திருந்தது. கீழே விலாசத்தைப் பார்க்கிறேன், நம் வீட்டு விலாசம்! ஒரு சதம் தரவில்லை, ஒரு கையெழுத்து இல்லை, அதற்குள் அட்டன் முழுக்கக் கார்டு கொடுத்துவிட்டான். நல்ல நாளில் உள்ளே நுழைந்து பாலைக் காய்ச்சிவிட்டால் ஒரு கிழவி எங்களை வெளியே தள்ளவா போகிறாள், அதற்குப் பிறகு இன்னும் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அக்காவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். எம் மகன் உன் வீட்டையே வாங்கிட்டான்டி வடிவு, நீதான் வந்து மொத விளக்க ஏத்தணும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கார்டை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் மகன் காதுக்குப் போய்விடுமே. அவன் போன் பண்ணினபோதும், நல்ல நாள் பாத்துட்டீங்கதானே தம்பி, அன்னைக்கே வாங்க, எல்லாத்தையும் முடிச்சிக்கலாம் என்று தேன் ஒழுகப் பேசினேன். தை பதினைந்தில் நொத்தாரிசிடம் போய் மாஸ்டர் பேருக்கு உறுதி எழுதிக் கொடுத்தேன். அவரையும் அவர் பெண்சாதி ஷெரோமியையும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், நீங்களும் அதே திங்கட்கிழமை பால் காய்ச்சுங்கள், நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன் என்று. மாஸ்டர் சுபாவம் உனக்குத் தெரியும், காரணம் கேட்கவில்லை.

அன்றைக்கு விடியக் காலையில் மாஸ்டருடைய சர்ச் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், ஷெரோமி வைத்த பால் ஆறே முக்காலுக்குப் பொங்கி வழிந்தது. ஏழு மணிக்கு ரோட்டில் இரண்டு வேன். வாழை மரம், சமையல் அண்டா, மேளக்காரர்கள், அட்டன் முதலாளிமார்கள் எல்லாம் இறங்குகிறார்கள். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிவசாமி முன்னால் ஏறி வந்தான். வாசலில் மாஸ்டர் குடும்பத்தைப் பார்த்து விழித்தான். யார் இவங்க என்றான். நான் மேல் படியில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவனுக்குப் பிடித்த சிங்களத்திலேயே பதில் சொன்னேன். வீடு இவர்களுடையது மாத்தயா, உறுதி எழுதி ஆறு நாளாகிறது, தோட்டத்து வாடை இன்னும் போகவில்லை, நீங்கள் வாசமான வீடாகப் பார்த்து வாங்குங்கள் என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! கூட வந்த ஒருவர் கார்டை எடுத்து விலாசத்தை இரண்டு தரம் பார்த்தார். கீழே மேளக்காரன் விஷயம் தெரியாமல் வாசிக்கத் தொடங்கிவிட்டான். சிவசாமி போலீசுக்குப் போவேன் என்று கத்தினான். போ தம்பி, என்ன காயிதத்தக் காட்டுவே, கல்யாணக் கார்டு மாதிரி இருக்கே அதையா என்று கேட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் நானே தேத்தண்ணி கொடுத்தேன், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினபோது, வெட்டின தோடை மரத்து அடிக்கட்டையைப் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது மகளே. பொய் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் நல்லமுத்து அக்கா தனியாக ஏறி வருகிறாள். இறங்கி வந்த கூட்டத்தில் ஒருத்தர்கூட அவளை நிறுத்தி விஷயத்தைச் சொல்லவில்லை, பெத்த மகன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான். இடுப்பில் துவாயில் சுற்றின குத்துவிளக்கு. அவளுக்கும் என்னைப் போல முட்டி, எனக்கு மூன்று வயது மூத்தவள் வேறு. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். மேல் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து, மாஸ்டரைப் பார்த்து, வாசல் சிலுவையைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மரத்தை, அசிட்டை, ஒன்று விடாமல். கேட்டு முடித்துவிட்டு, அவனுக்கு இது வேணும்டி என்றாள். விளக்கை மேல் படியில் இறக்கி வைத்தாள். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் படிய நான் ஏறியிருக்க மாட்டேனே வடிவு என்றாள். ஷெரோமி உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை. விளக்கை மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கிப் போனாள்.

சிவசாமி நாளைக்கே திரும்பி வந்தாலும் இதையேதான் செய்வேன், அதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. நீ என்னைத் திட்டுவதாக இருந்தால் அவனுக்காகத் திட்டாதே. நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அனுசரித்து, வயிறாரச் சாப்பிட்டு, சீக்கிரம் ஒரு குழந்தையோடு இந்தப் படி இல்லாத வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி இல்லாமல் போக விடாதே. மறந்துவிடாதே, முட்டிக்குத் தடவ எனக்கு அனுப்புவாயே அந்த மருந்து, இந்தத் தரம் இரண்டாக அனுப்பு. ஒன்றை நான் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போவேன். அக்கா கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ப. சண்முகவடிவு