மதிலில் காய்ந்த காபட்

நவம்பர் 21, வியாழன்

ஸுஹைர் நானா வருகிறாராம். டிசம்பர் ஐந்தாம் திகதி, டோஹாவிலிருந்து, பத்து நாள் லீவில். என்னிடம் சொல்லவில்லை, நஸ்ரினிடம் சொல்லியிருக்கிறார். நானும் என் கூடப்பிறந்த ஒரே அண்ணனும் நான்கு வருடங்களாக என் மனைவி வழியாகத்தான் கதைத்துக்கொள்கிறோம். சம்பளமில்லாத தூதரகம் அவள்.

"காபட் எப்படி இரிக்கி எண்டு கேட்டாரு."

"நீ என்ன சொன்னாய்?"

"முன் ஹோலில விரிச்சிரிக்கி எண்டன்."

"அது சாமானறையில பொலித்தீனோட கிடக்கு."

"தெரியும். விரிக்காம வெச்சது நீங்க, பொய் சொன்னது நான். வந்து பாத்து அது இல்லாட்டி, அந்த மனிசன் இனி இந்த வாசல மிதிக்க மாட்டாரு. சொல்லிட்டன்."

2020 ஓகஸ்டில் உம்மா மவுத்தானபோது நானா வரவில்லை. விமான நிலையம் மூடியிருந்தது என்பது உண்மைதான். உண்மை எதிரணியில் போய் நிற்பது எனக்கு இது முதல் தடவை அல்ல. மூன்று மாதம் கழித்துக் கப்பல் காகோவில் இந்தக் காபட் வந்தது. எட்டடிக்குப் பதினொரு அடி, கடும் சிவப்பு, கரையில் குஞ்சம். "உம்மாட ஹோலில விரிங்க" என்று தகவல். மகன் வரவேண்டிய இடத்துக்கு விரிப்பு வருகிறது! கட்டைக்கூட அவிழ்க்காமல் சாமானறையில் போட்டேன்.

சிலர் கோபத்தை மனதில் வைத்திருப்பார்கள். நான் அதற்கென்று ஒரு அறையே ஒதுக்கியிருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. முற்றத்துத் தண்ணீர் வடிய வழியில்லை. காரணம் பக்கத்து வீட்டு ஸெய்னுதீனின் மதில். ஹாட்வெயார் கடைக்காரர், சீமெந்துக்கு என்ன குறை? மூன்று வருடத்துக்கு முன் ஆறடிக்கு உயர்த்திக் கட்டினார். என் அளவையின்படி ஒரு சாண் என் காணிக்குள் நிற்கிறது. நகரசபைக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதிலில்லை. இன்று எட்டாவதைத் தொடங்கினேன்.

அந்த மனிதர் இன்னும் என்னைக் கண்டால் ஸலாம் சொல்கிறார். பதில் சொல்வது கடமை. ஆனால் சத்தமாகச் சொல்ல வேண்டுமென்பதில்லை என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

சாமானறைக்குள் நாலு விரல் தண்ணீர்.

காபட் முழுதாக நனைந்துவிட்டது. நான்கு வருடம் தூசி உள்ளே போகாமல் காத்த பொலித்தீன், இன்று தண்ணீர் வெளியே போகாமல் காத்தது. விரித்தபோது அடித்த மணம் — பழைய கிணற்றை மூடித் திறந்தது போல. ஒரு மூலையில் உள்ளங்கையளவு பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். பூஞ்சணம். அது இன்றைய தண்ணீரில் வந்ததல்ல. எப்போதிருந்தோ வளர்ந்திருக்கிறது.

கம்பசிலிருந்து லீவில் வந்திருக்கும் மகள் இன்ஷிரா தொலைபேசியைப் பார்த்து வாசித்தாள். "ரெண்டு நாளைக்குள்ள காயோணுமாம் வாப்பா. இல்லாட்டி முழுக்கப் பரவுமாம். சுருட்டி வெக்கவே கூடாதாம்."

இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்குச் சொல்கிறாள். ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் நான்கு: மேற்பரப்பு, காற்று, வெப்பம், வளியின் ஈரப்பதன். எத்தனை பிள்ளைகளை எழுந்து நின்று சொல்ல வைத்திருப்பேன்! நான்கையும் ஒரே அறையில் பூட்டி வைத்தவன் நான். என்னைப் பள்ளிக்கூட அதிபராக்காததற்குக் கல்வித் திணைக்களம் சொன்ன காரணம் வேறு. இதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

பழைய துவாய்களைப் போட்டு மூவரும் ஏறி மிதித்தோம். பதினொரு வாளி தண்ணீர். பூஞ்சணம் பிடித்த இடத்தை நஸ்ரின் அச்சாறுக்கு வைத்திருந்த வினாகிரியைப் போட்டுத் தேய்த்தாள். இன்ஷிரா அதற்கு மேல் உப்பும் தூவினாள்.

அழுகினா அழுகட்டும், எனக்கென்ன? அவர்ர காபட்தானே. அப்ப ஏன் படுக்காம இன்னும் துவாய் பிழியிறன்?

நவம்பர் 28, வியாழன்

கதிரைகளைக் கவிழ்த்து அதன்மேல் விரித்து, இரண்டு மின்விசிறி வைத்தோம். மேல் பக்கம் ஈரம், அடிப்பக்கம் குளம். கொடிக்கம்பியில் போட்டேன், அறுந்தது. என் தகர வேலியில் போட்டேன். வேலி மெதுவாக, மரியாதையோடு, சேற்றில் படுத்துவிட்டது.

நஸ்ரின் கைகழுவியபடி சொன்னாள்: "இந்தச் சுத்துவட்டாரத்தில இதத் தாங்கிற சாமான் ஒண்டுதான் இரிக்கி."

அவள் பார்வை ஸெய்னுதீனின் மதிலில் போய் நின்றது.

நவம்பர் 29, வெள்ளி

வெயில்! ஜும்ஆ முடிந்து வந்தால் முற்றத்தில் ஸெய்னுதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நஸ்ரின் காலையிலேயே அவர் மனைவி சனூஸாவிடம் பேசி முடித்திருக்கிறாள். எங்கள் தூதரகம் கிளையும் திறந்துவிட்டது.

"சேர், காபட் போட மதில் கேட்டீங்களாம்."

"நான் கேக்கல்ல."

"சரி, கேக்கல்ல. ஒரு சாண் உங்கட காணிக்குள்ளதானே நிக்கிது? அந்த ஒரு சாணில போடுங்க. மிச்சத்துக்கு எனக்கொரு கடிதம் எழுதுங்க, நான் பதில் போடுவன்."

நஸ்ரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நகரசபையில் என் கடிதங்களை யார் யார் வாசிக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

நனைந்த காபட் ஒரு ஆள் தூக்கும் சாமானல்ல. பின்னால் நஸ்ரினும் இன்ஷிராவும், முன்னால் நானும் அவரும். முற்றத்துச் சேற்றில் எனக்குக் கால் வழுக்கியது.

"தோள மாத்துங்க சேர். இந்தப் பக்கம் எனக்குப் பழக்கம். அண்டைக்கும் நான்தானே புடிச்ச."

உம்மாவை அடக்கிய நாளைச் சொன்னார். உம்மாவின் சந்தூக்கைத் தூக்கியபோது முன்பக்கம் எனக்கு எதிர்மூலை நானாவுக்குரியது. அதைப் பிடித்து மையவாடி வரைக்கும் வந்தவர் ஸெய்னுதீன். இப்போது பழைய கொப்பியை எடுத்து அந்த நாளைப் பார்த்தேன். ஒரே வரி எழுதியிருக்கிறேன்: "நானா வரவில்லை." வந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மதில் ஆறடி. காபட் இரண்டு பக்கமும் ஐந்தரை அடிக்குக் கிட்டத் தொங்கியது, கரை சேற்றில் படவில்லை. துறைமுகப் பக்கத்துக் காற்று இரு முகத்திலும் அடித்தது. மதில் ஓரடி பதிவாக இருந்திருந்தாலும் இந்த வசதி கிடைத்திருக்காது. இதை நகரசபைக்கு எழுத வேண்டிய அவசியமில்லை.

போகும்போது ஸலாம் சொன்னார். சத்தமாகப் பதில் சொன்னேன். பழக்கம் விட்டுப்போனதால் கொஞ்சம் கரகரத்தது.

நவம்பர் 30, சனி

காலையில் மான்! கேட்டைத் திறந்து வைத்தது நான்தான். எங்கள் ஊர் ரோட்டில் மாடு போலக் குப்பை மேய்கிற கூட்டத்தில் இரண்டு உள்ளே வந்து, உப்பு ருசியில் குஞ்சத்தை மென்றுகொண்டு நின்றன. விரட்டியபோது மரியாதை கெட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தன. ஒரு பக்கத்துக் குஞ்சம் பாதி இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஐந்து நாளில் நாலு தரம் புரட்டிப் போட்டோம். மழை தூறினால் சனூஸா அந்தப் பக்கத்திலிருந்து தறப்பாளை எறிவாள், நான் இந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவேன். இன்று வெள்ளைத் தாளை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஈரமில்லை. மணந்து பார்த்தேன். வினாகிரி மட்டும்.

முன் ஹோலில் விரித்தோம். ஒரு பாதி வெயிலில் மங்கல், மூலையில் பச்சைக் கறை, குஞ்சம் கடிபட்டது. பத்து வருடம் பாவித்த காபட் போலக் கிடக்கிறது.

"நல்லதாப் போச்சி," என்றாள் நஸ்ரின். "புதுசு மாதிரி இருந்தாத்தான் புடிபட்டிருப்பம்."

நான்கு வருடப் பாவிப்பை ஒரு வாரத்தில் முடித்திருக்கிறோம்.

டிசம்பர் 5, வியாழன்

வந்துவிட்டார். தலை முழுக்க நரை. என்னைவிட ஏழு வயதுதான் மூப்பு, பதினைந்து போலத் தெரிகிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காபட்டில் காலை வைத்தார். மங்கிய பாதியையும் கடிபட்ட குஞ்சத்தையும் பார்த்தார்.

"நல்லாப் பாவிச்சிரிக்கீங்க போல."

"ஓம்."

ஸலாமை விட்டால், நான்கு வருடத்தில் நான் அவரிடம் நேரே சொன்ன முதல் சொல். அதுவும் பொய்.

"என்னடா, அச்சாறு மணக்குது? உம்மா போடுற அச்சாறு மாதிரி..."

நஸ்ரின் குசினிக்குள் போய்விட்டாள். கதிரை இருக்க, நானா கீழே காபட்டில் இருந்தார். கையால் தடவிக்கொண்டே போய்க் கரை மூலையைப் புரட்டினார். நைலோன் நூலில், பிளாஸ்டிக் உறையிட்ட கடை அட்டை — விலையோடு, அரபியில், புத்தம் புதிதாக. தேய்த்தோம், மிதித்தோம், காயப்போட்டோம், இதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை! ஒவ்வொரு தரமும் ஸெய்னுதீன் பக்கமாகத் தொங்கிய மூலை அது.

அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மூலையைத் திரும்ப மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

"குஞ்சம் மான் கடிச்சதா?"

"ஓம்."

இது உண்மை.

டிசம்பர் 6, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவின் கப்றடிக்குப் போனோம். மூன்று பேர். மூன்றாவது ஆள் யார் என்று இந்தத் தடவை எழுதி வைக்கிறேன்: ஸெய்னுதீன்.

டிசம்பர் 15, ஞாயிறு

நானா போய்விட்டார். வேனில் ஏறும்போது என் தோளில் ஒரு தட்டு.

டிசம்பர் 17, செவ்வாய்

கூட்டும்போது மூலையைப் புரட்டினேன். அட்டையைக் காணவில்லை. நூலை வெட்டிய இடம் மட்டும் இருந்தது.

"வந்த அண்டே கத்தரிக்கோல் கேட்டாரு," என்றாள் நஸ்ரின். "நகம் வெட்ட எண்டு நெனச்சன்."

அந்த மூலையில் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. ஈரம் உறிஞ்சத் தடித்த தாள் வேண்டும். ஏழு கடிதங்களின் பிரதிகளையும், முடிக்காத எட்டாவதையும் அடியில் விரித்தேன். நல்ல தாள். நகரசபை அதன் தரத்தைக் கவனிக்கவேயில்லை.

பின்னேரம் டோஹாவுக்கு நானே கோல் எடுத்தேன். மழையைப் பற்றிச் சொன்னேன். அவர் இருமினார். பிறகு கேட்டார்:

"காபட் எப்படி இரிக்கி?"

"முன் ஹோலில விரிச்சிரிக்கி, நானா."