அப்பா, உங்களை ஸ்பானிஷில் சொன்னேன்

சிமென்ட் காய்ந்த கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிய அன்பு அப்பாவுக்கு,

நல்ல சேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் இளைய மகன் இப்போது ஸ்பானிஷ் பேசுகிறான். வணக்கம், நன்றி அளவுக்கு இல்லை. திங்கட்கிழமை காலையில் இருபது பேரை நிற்கவைத்து, பள்ளத்தில் எப்படி இறங்க வேண்டும், ஹெல்மெட்டை ஏன் கழற்றக் கூடாது என்று கால் மணி நேரம் பேசுகிறான். நடுவில் ஒரு ஜோக் வேறு. பாதிப் பேர் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் என் உச்சரிப்புக்கு.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கதையில் பாதியை உங்களுக்கு ஃபோனில் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்ல அப்போது எனக்குத் தைரியமில்லை.

அமெரிக்காவுக்கு வரும்போது இங்கிலீஷ் போதும் என்று நம்பித்தான் வந்தேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில், வீடுகள் கட்டும் ஒரு கம்பெனியில் சைட் இன்ஜினியர் வேலை. முதல் நாள் சைட்டில் போய் நின்றால் அத்தனை பேரும் மெக்சிகோக்காரர்கள். நான் "குட் மார்னிங்" என்றேன். அவர்களும் "குட் மார்னிங்" என்றார்கள். அதோடு இரண்டு பக்கமும் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆறு மாதம் கையைக் காலை ஆட்டியே வேலை வாங்கினேன்.

அங்கே சுற்றுச்சுவர் கட்டும் ஆட்களுக்குத் தலைவர் ராமிரோ. என் வயதுதான் இருக்கும், கறுத்து இறுகிய உடம்பு, தொப்பி இல்லாமல் அவரைப் பார்ப்பதே அபூர்வம். ஒருநாள் சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட அவரே மெஷினில் உட்கார்ந்திருந்தார். நேராகப் போகச் சொல்ல வேண்டும். நேராக என்பதற்கு ஸ்பானிஷில் 'தெரேச்சோ' என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொந்தமாக ஒரு வார்த்தை கிடைத்த பெருமையில் உரக்கக் கத்தினேன்: "தெரேச்சா! தெரேச்சா!"

தெரேச்சா என்றால் வலது பக்கம்.

ராமிரோ என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் மறுபடியும் கத்தினேன். அவர் வலது பக்கம் திரும்பித் தோண்டினார். மூன்றாவது தடவை மண்ணை வாரும்போது குடிதண்ணீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் வீட்டு உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. அந்தத் தெருவில் ஏற்கெனவே குடிவந்துவிட்டவர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஒரு அம்மா தலையில் ஷாம்பு நுரையோடு நின்றுகொண்டு என்னைத் திட்டினாள். அது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

இதுவரை உங்களுக்குத் தெரியும். "தண்ணி வர்றதுக்கு எடம் பார்த்துத் தோண்டியிருக்கற கண்ணு, கெணறு வெட்டப் போயிரலாம்" என்று ஃபோனில் இருமல் வரும்வரை சிரித்தீர்கள்.

சொல்லாததை இப்போது சொல்கிறேன். மேனேஜர் பில் வந்து சேர்ந்தபோது என் பக்கமே திரும்பவில்லை. நேராக ராமிரோவிடம் போய், "தரையில போட்டிருக்கற கோட்டைப் பார்க்கத் தெரியாதா? மெஷினை விட்டு இறங்கு. இன்னிக்கே கிளம்பு, நாளைக்கு வர வேண்டாம்" என்றார். ராமிரோவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் விசா அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது. உங்கள் மருமகள் கவிதாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்? ஒரு நிமிஷம் இருக்குமா? அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான் அப்பா. பிறகு எப்படியோ வாய் திறந்தது. "பில், தப்பு என்னோடது. நான்தான் வலது பக்கம் போகச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

பில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேராவுக்கும் வலதுக்கும் வித்தியாசம் தெரியாத இன்ஜினியரை இப்பத்தான் பார்க்கறேன். ஸ்பானிஷ் கத்துக்கோ. இல்லேன்னா நீ கிளம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் வேலை தங்கியது.

அன்று மத்தியானம் ராமிரோ என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஈர மண்ணில் குச்சியால் ஒரு நேர்க்கோடு கிழித்து "தெரேச்சோ" என்றார். வலது பக்கம் ஒரு கோடு கிழித்து "தெரேச்சா" என்றார். பிறகு உடைந்த குழாயைக் காட்டி இரண்டு கையையும் மேலே விரித்தார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அதிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கவிதா கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தை அவர் எடுத்துக்கொள்வார், அவர் வீட்டு பீன்ஸ் டாக்கோவை நான் எடுத்துக்கொள்வேன். லைப்ரரியில் கேசட் எடுத்து, ஃப்ரீவேயில் டிரைவ் பண்ணும்போது போட்டுவிட்டுக் கூடவே கத்துவேன். பக்கத்துக் காரில் வருகிறவர்கள் என்ன நினைத்தார்களோ. நிலா பிறந்து வளர்ந்து, டேகேரில் ஸ்பானிஷ் பாட்டு கற்றுக்கொண்டு வந்து என்னையே திருத்த ஆரம்பித்துவிட்டாள். "நோ அப்பா, யூ ஆர் சேயிங் இட் ராங்!" உங்கள் பேத்தியிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். ஸ்பானிஷில் மட்டும் வாத்தியாரம்மா.

வார்த்தைகள் சேரச் சேர ஓர் ஆச்சரியம். மேசைக்கு அவர்கள் மேசா என்கிறார்கள். கலவைக்கு அவர்கள் சொல்லும் மெஸ்க்லாவுக்கும் அர்த்தம் கலவைதான். உங்கள் கையில் இருந்த கரண்டிக்கு அவர்கள் குச்சாரா என்கிறார்கள். சோறு பரிமாறுவதும் கரண்டி, சாந்து பூசுவதும் கரண்டி என்று நாம் சொல்கிற மாதிரியே, அங்கேயும் சாப்பிடுகிற ஸ்பூனுக்கும் கொத்தனார் கரண்டிக்கும் ஒரே பெயர். இதை உங்களிடம் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ண இருந்தேன். அதற்கு முன்னால் அண்ணனிடமிருந்து ஃபோன் வந்துவிட்டது.

நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும் விசாரிக்க வந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவர் சுந்தரம் அங்கிள், எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலை. "அப்பா என்னப்பா பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டார். நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன். "பில்டிங் கான்ட்ராக்டர் அங்கிள்."

ஆமாம் அப்பா. காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் பில்டிங் கான்ட்ராக்டர்தான். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லையே, ஏன்? புரிந்துதான் பேசாமல் இருந்தீர்களா?

அங்கிள் போன பிறகு கவிதா, "இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமிரோ மனைவியோடு வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மூடி போட்ட பெரிய பாத்திரம் நிறையச் சாப்பாடு. அவரும் ஸ்பானிஷில் அதையே கேட்டார்: "உங்க அப்பா என்ன வேலை செஞ்சார்?"

பில்டிங் கான்ட்ராக்டர் என்பதற்கு எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. மூளையைப் போட்டுக் கசக்கிப் பார்த்தேன், அந்த வார்த்தையை ராமிரோ எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பொய் சொல்கிற அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் போதவில்லை அப்பா. தெரிந்த வார்த்தையைச் சொன்னேன். "மீ பப்பா எரா அல்பான்யீல்." என் அப்பா கொத்தனார்.

ராமிரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெறும் கொத்தனாரா, மயெஸ்த்ரோவா?"

மயெஸ்த்ரோ! "எங்க ஊர்ல மேஸ்திரின்னு சொல்லுவோம்" என்றேன். "அவர் மேஸ்திரி. முப்பது வருஷம்." எந்தக் காலத்தில் எந்தக் கப்பலேறி அந்தச் சொல் நம் பக்கம் வந்ததோ, எனக்குத் தெரியாது. ராமிரோ "மேஸ்திரி, மேஸ்திரி" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதான் பார்த்தேன்! வேற எந்த இன்ஜினியரும் செங்கல் இடுக்குல கட்டைவிரலை வெச்சுத் தேய்ச்சுப் பார்க்க மாட்டான். நீங்க பார்க்கறீங்க. இவருக்கு இதை யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு நாங்க எல்லாரும் பேசிக்குவோம்" என்றார்.

நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது அப்பா. ஊரில் உங்கள் போட்டோ முன்னால் வராத அழுகை, அந்த சோபாவில் வந்தது. அவர் மனைவி எழுந்து போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணினாள். அழுதுகொண்டே மூன்று தட்டு சாப்பிட்டேன்.

அடுத்த பொங்கல் விழாவில் சுந்தரம் அங்கிளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். "அங்கிள், அன்னிக்கு உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். எங்க அப்பா கான்ட்ராக்டர் இல்ல. கொத்தனார் வேலை. மேஸ்திரியா இருந்தார்."

அவர் சாம்பார்க் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க அப்பா டிரான்ஸ்போர்ட் பிசினஸ்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"ஆமா அங்கிள்."

"ஒரே ஒரு லாரிதான்ப்பா. அதுவும் வேற ஒருத்தரோடது. எங்க அப்பா ஓட்டினார்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கவிதா ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். அப்புறம் அங்கிள் அரை மணி நேரம் அவர் அப்பாவின் லாரியைப் பற்றியே பேசினார். ஹாரன் சத்தத்தைக்கூட வாயால் போட்டுக் காட்டினார்.

டிசம்பரில் நாங்கள் மூன்று பேரும் ஊருக்கு வருகிறோம். நீங்கள் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு நிலாவை அழைத்துப் போவேன். இது யார் கட்டினது என்று அவள் இங்கிலீஷில்தான் கேட்பாள், தெரியும். இங்கிலீஷிலேயே சொல்வேன். அங்கே நிற்கிற வாத்தியார் தமிழில் கேட்டால் தமிழில் சொல்வேன். இனிமேல் யார் கேட்டாலும், எந்த மொழியில் கேட்டாலும், உங்களை வேறு ஆளாக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
மேஸ்திரி மாரப்பன் மகன்,
செந்தில்